சிவப்புச் சீசா

படாளம் கூட்டுரோட்டில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பட்டறை நடத்தி ஓய்ந்தவன் நான். சென்னையிலிருந்து திண்டிவனம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் தாண்டி வந்தால் எங்கள் ஊர். வெளியூரார் இதனை இரண்டு காரணங்களால் அறிவார்கள். ஒன்று, வேடந்தாங்கலுக்குப் பறவைகளைக் காணச் செல்கிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். மற்றொன்று, இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. பறவைகளால் எனக்கு ஒரு காசும் வந்ததில்லை, கரும்பால் வந்தது. அரவைக் காலம் தொடங்கிவிட்டால் கரும்பேற்றிய டிரெய்லர்கள் என் பட்டறை வாசலில் இரவும் பகலும் நிற்கும். அவற்றின் குறை பெரும்பாலும் ஒன்றே: எங்கேயோ ஒரு நட்டு கழன்றிருக்கும்.

ஓடுகின்ற வண்டியில் மரை தளர்வது ஏன் என்று நான் அந்நாளில் சிந்தித்ததில்லை. குலுக்கலில் கழல்கிறது என்று சொல்லிவிட்டு மீண்டும் முடுக்கிவிடுவேன். இதற்கு முறையான விடை 1969ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். கெர்ஹார்ட் யுங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் ஒரு சோதனைப் பொறியை அமைத்துக் காட்டினார். ஆணியை நீளவாக்கில் இழுத்து ஆட்டுவதைக் காட்டிலும், அது இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு பகுதிகள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போதுதான் மரை விரைவாகத் தளர்கிறது. நழுவுகிற அந்தக் கணத்தில் மரையின் உராய்வுப் பிடி அற்றுப்போகிறது. முறுக்கேறி நின்ற ஆணி தன் இழுவிசையாலேயே தன்னைக் கழற்றிக்கொள்கிறது. நாங்கள் பெரிதும் நம்பியிருந்த ஸ்பிரிங் வாஷர் இவ்வகை நழுவலைத் தடுக்க அதிகம் உதவுவதில்லை என்பதும் அப்பொறியில் தெரிந்தது.

அறிவியல் தெரியாவிட்டாலும் கைமருந்துகள் எங்களிடம் இருந்தன. செக் நட் போடுவோம். ஸ்பிளிட் பின் குத்தி வளைப்போம். மரையில் சணல் நூலைச் சுற்றி வண்ணப்பூச்சைத் தடவி முடுக்குவோம். பின்னர் ஒருநாள் உதிரிபாக வியாபாரி ஒருவர் சின்னஞ்சிறு சீசா ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே செந்நிறத் திரவம். "இரண்டு சொட்டு விட்டு முடுக்கிப் பாருங்கள் பாய், பிறகு உங்களாலேயே கழற்ற முடியாது" என்றார். அவர் சொன்னது உண்மையாயிற்று. அன்று முதல் என் பட்டறையில் சிவப்புச் சீசா ஒன்று எப்போதும் இருந்தது. பட்டறைக்காரர்கள் எல்லாரும் அதனை 'லாக்டைட்' என்றே அழைப்பார்கள். அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்றாலும், எந்த நிறுவனம் செய்தாலும் எங்களுக்கு அது லாக்டைட்தான். டிரெய்லரின் 16 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு அது ஏற்ற மருந்து. கழற்ற வேண்டிய நாள் வந்தால் கேஸ் வெல்டிங்கின் தீநாக்கைக் காட்டுவோம். முழ நீளத்துக்கும் மேலான ஸ்பேனரைப் போட்டு, அதன் முனையில் ஓர் இரும்புக் குழாயையும் செருகி, இரண்டுபேர் தொங்குவோம். கழன்றுவிடும்.

இந்த அனுபவத்தின் செருக்கால் நான் செய்த ஒரு பிழையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் மகளின் மூத்த மகனுக்குப் பதினைந்து வயது. அவனுடைய அத்தா துபாயில் வேலை பார்க்கிறார். இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வருவார். சென்ற முறை வந்தபோது மகனுக்காக ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தார். அது கடைவீதியில் விற்கும் விளையாட்டுப் பொருளைப் போன்றதன்று. உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. மோட்டார், பல்சக்கரம், அதிர்வு தாங்கி, அச்சு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே உறையிலிட்டுப் பெட்டியில் இருந்தன. ஜப்பானில் தமியா நிறுவனம் 1976ஆம் ஆண்டில் தன் முதல் ரேடியோ காரை, ஒரு போர்ஷ் பந்தயக் காரின் சாயலில், இப்படிப் பகுதி பகுதியாகத்தான் விற்றதாம். வாங்குகிறவரே கோத்து முடிக்க வேண்டும். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

தந்தையும் மகனும் அந்த விடுப்பின் கடைசிப் பத்து இரவுகள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, படப் புத்தகத்தை நடுவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாக முடுக்கி அந்தக் காரை உருவாக்கினார்கள். வேலை முடிந்த மறுநாள் அவருக்கு விமானம். அந்தக் கார் என் பேரனுக்கு எத்தகைய பொருள் என்பதை இதைப் படிக்கும் வீடுகளில் பலவற்றுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் பேரன் விடுமுறை நாட்களில் வறண்ட ஏரியின் தரையில் அதை ஓட்டிவந்தான். ஒருநாள் வாடிய முகத்துடன் வந்தான். மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளும் தளர்ந்து, மோட்டார் இடம் பெயர்ந்து, பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் கறகறத்தன. மோட்டாரின் அச்சில் உள்ள சிறு பல்சக்கரமாகிய பினியனைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூவும் தளர்ந்திருந்தது.

"நன்னா, நீல மருந்து இருந்தா ரெண்டு சொட்டுக் கொடுங்க. பெட்டியில வந்தது தீர்ந்துபோச்சு. புத்தகத்துல நீலம்தான் போடணும்னு இருக்கு" என்றான்.

நான் சிரித்தேன். "நீலமெல்லாம் எதுக்குத் தம்பி? கரும்பு வண்டியவே கழலாமப் பிடிச்ச மருந்து என்கிட்ட இருக்கு" என்று சொல்லி, பரணிலிருந்த சிவப்புச் சீசாவை எடுத்துவந்து, மூன்று திருகாணிகளுக்கும் தாராளமாக விட்டு நானே முடுக்கிக் கொடுத்தேன். அவன் தயங்கி நின்றதைக் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. பிறகு அவை தளரவே இல்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

மூன்று மாதங்கள் கழிந்தன. பெரிய பல்சக்கரத்துக்குள் சரளைக்கல் ஒன்று புகுந்து பற்களை மழுக்கிவிட்டது. அது பிளாஸ்டிக்கால் ஆனது. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும்படியே அமைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டுமானால் மோட்டாரைக் கழற்ற வேண்டும். மோட்டார் கழலவில்லை. அவன் என்னிடம் சொல்லாமல் இரண்டு இரவுகள் தானே முயன்றிருக்கிறான். ஆலன் கீ நழுவி நழுவி, ஆணித் தலையில் இருந்த அறுகோணக் குழி வட்டமாகிவிட்டது. அவனுடைய அத்தா அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் வருவதாக இருந்தது.

அன்றிரவு இஷாத் தொழுது வந்து திண்ணையில் சாய்ந்திருந்தேன். உள்ளே தாயும் மகனும் பேசுவது காதில் விழுந்தது.

"மோட்டார் கழலலைம்மா. அத்தா கேட்டா நான்தான் தப்பா மருந்து போட்டேன்னு சொல்லிக்கிறேன். நன்னா போட்டதுன்னு நீங்க சொல்லிடாதீங்க."

பட்டறையில் நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் என்னைக் குறை சொல்லியிருக்கிறார்கள். எதுவும் இப்படித் தைத்ததில்லை. நான் தவறு செய்தேன். அதை மறைக்க ஒரு பிள்ளை தன் தந்தையிடம் பொய் சொல்லத் துணிகிறான். அவனிடம் நான் கேட்டு அறிந்திருக்க வேண்டியதை அவன் என்னிடம் சொல்லத்தான் செய்தான். வயதில் சிறியவன் என்பதால் நான் செவிகொடுக்கவில்லை.

மறுநாள் சுபுஹு முடித்துத் திரும்பியதும் அந்தப் படப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தேன். சில ஆணிகளின் படத்துக்கு அருகே ஒரு சிறு துளியின் படம் இருந்தது. பல ஆணிகளுக்கு அது இல்லை. ஒவ்வொரு துளியும் எண்ணி வைக்கப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கிற்று. அதன்பின் அந்த மருந்தைப் பற்றியே அறிந்துகொள்ள விரும்பினேன். இத்தனை ஆண்டு கையாண்டும் அது என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. பேரனே தேடிப் படித்துக் காட்டினான்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் வெர்னன் கிரீபிள். அவருடைய மகன் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேதியியலாளர். அந்நிறுவனத்தில் ஒரு விந்தையான திரவம் இருந்தது: காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் திரவமாகவே இருக்கும், காற்றை நிறுத்தினால் இறுகிக் கட்டியாகிவிடும். இப்படிக் காற்றூதிக்கொண்டே வைத்திருக்க வேண்டிய பொருளைக் கடையில் விற்க இயலுமா? கிரீபிள் அதனை ஆராய்ந்து, சீசாவில் நீண்ட நாள் கெடாமல் இருக்கும் கலவை ஒன்றை 1953ஆம் ஆண்டளவில் கண்டார். அதிலிருந்து பிறந்ததே லாக்டைட் நிறுவனம். 1997ஆம் ஆண்டில் அது ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. நம் சென்னையைச் சேர்ந்த அனபாண்ட் நிறுவனமும் இவ்வகைப் பசைகளைத் தயாரிக்கிறது.

மற்றப் பசைகள் காற்றுப் பட்டால் உலரும். இதுவோ காற்று இல்லாத இடத்தில்தான் இறுகும். அதுவும் உலோகத்தின் தொடர்பு இருந்தால்தான். மரைக்கும் மரைக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் காற்று இல்லை, சுற்றிலும் இரும்பு. எனவே அங்கே அது கெட்டிப்படுகிறது. வெளியே வழிந்தது ஈரமாகவே நிற்கிறது. சீசாவைப் பாதி மட்டும் நிரப்பி விற்பதன் காரணமும் இதுவே: மீதிப் பாதியில் காற்று இருக்க வேண்டும். "பாதிச் சீசாவை முழு விலைக்கு விற்கிறானே!" என்று நான் வியாபாரியிடம் சண்டையிட்ட நாட்களை நினைத்து வெட்கப்பட்டேன்.

நிறங்கள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல, வலிமையின் அடையாளங்கள். அந்நிறுவனத்தின் வரிசையில் ஊதா நிறத்தது மென்பிடி. சிறு ஆணிகளுக்கும் அடிக்கடி திருப்பிச் சரிசெய்ய வேண்டிய ஆணிகளுக்கும் உரியது. நீலம் நடுத்தரம், சாதாரணக் கைக்கருவியால் கழற்றலாம். சிவப்பு வன்பிடி, சுமார் 250 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, சூடு ஆறுமுன் திருப்பினால்தான் விடும். பச்சை மிகவும் நீர்த்தது. முன்பே முடுக்கிவிட்ட மரையின் இடுக்கிலும் ஊறிச் செல்லக்கூடியது. எல்லா நிறுவனங்களும் இந்த நிற முறையையே பின்பற்றும் என்று நம்பிவிடாமல், சீசாவின்மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பதே நல்லது.

என் பிழை இப்போது எனக்குத் துல்லியமாக விளங்கியது. டிரெய்லரின் போல்ட்டைத் திருப்ப என் கையில் நீண்ட ஸ்பேனர் இருந்தது. பேரனின் மோட்டாரைப் பிடிக்கும் ஆணியோ 3 மில்லிமீட்டர் விட்டம். அதன் தலைக்குழியில் நுழையும் ஆலன் கீ 2 மில்லிமீட்டர். கிரப் ஸ்க்ரூவுக்கு இன்னும் மெலிந்தது, ஒன்றரை மில்லிமீட்டர். ஊசியைப் போன்ற அந்தக் கருவியால் எவ்வளவு விசையைச் செலுத்த முடியும்? பசையின் பிடி விடுவதற்கு முன்பே குழி மழுங்கிவிடும். அல்லது கீயே முறுக்கிக்கொள்ளும். தீநாக்கைக் காட்டலாம் என்றாலோ, பக்கத்திலேயே பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் வெப்பம் மிகுந்தால் வலிமை குன்றும். பெரியதில் கற்ற பாடத்தைச் சிறியதில் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினேன். அளவு மாறியதும் என் அனுபவமே அறியாமையாயிற்று.

இது என் ஒருவனுடைய குறை அன்று என்று காட்ட உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயினின் மாலகா நகருக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவருடைய கால்களை விடாமல் பற்றிக்கொண்டிருக்க, துணைவிமானி வானூர்தியைத் தரையிறக்கினார். விமானியும் உயிர் பிழைத்தார். விசாரணையில் தெரிந்தது இது: புதிதாகப் பொருத்திய அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்த 90 ஆணிகளில் 84 உரிய விட்டத்தைவிடச் சற்றே சிறியவை. அவற்றை எடுத்துப் பொருத்தியவர் தொழில் தெரியாதவர் அல்லர். நெடுநாள் அனுபவம் உடையவர். அட்டவணையைப் பார்க்காமல், பழைய ஆணியோடு கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்தார். தன் கண்ணை அவ்வளவு நம்பினார்.

இனிச் செய்ய வேண்டியதைச் செய்தோம். திங்கட்கிழமை மாலை, அஸருக்குப் பின், திண்ணையில் உட்கார்ந்து பேரனை அழைத்தேன். "நேத்து நீ அம்மாகிட்டப் பேசினது என் காதுல விழுந்துச்சு தம்பி. மருந்து போட்டது நான். உங்க அத்தாகிட்ட நானே சொல்றேன். இப்ப ரெண்டுபேருமாக் கழற்றுவோம்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கருவிப் பெட்டியை எடுத்துவந்தான்.

முதலில் பேட்டரியைக் கழற்றி அப்பால் வைத்தோம். பிளாஸ்டிக் பல்சக்கரத்தின்மேல் ஈரத்துணியைச் சுற்றினோம். இவ்வகைப் பசை சூடேறும்போது எழும் புகை நல்லதன்று என்பதால் காற்றோட்டமான இடத்திலேயே உட்கார்ந்தோம். சால்டரிங் அயர்னை நன்றாகச் சூடேற்றி, அதன் முனையை ஆணியின் தலையில் மட்டும் அழுத்திப் பிடித்தேன். வெப்பம் ஆணி வழியே மரைக்குள் இறங்க வேண்டும். மோட்டார் முழுவதும் பரவிவிடக் கூடாது. சில நிமிடங்கள் கழித்து அவன் கீயைச் செருகித் திருப்பினான். அசையவில்லை. மீண்டும் சூடு, மீண்டும் முயற்சி. மூன்றாம் முறை 'சடக்' என்றொரு ஓசை கேட்டது. அந்த ஓசையில் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

இரண்டாவது ஆணியின் குழி முற்றிலும் வட்டமாகியிருந்தது. அதைவிடச் சற்றே பெரிய நட்சத்திர முனை ஒன்றைக் குழிக்குள் மெல்லத் தட்டி இறக்கி, சூடு காட்டித் திருப்பினோம். அதுவும் வந்தது. பினியனின் கிரப் ஸ்க்ரூதான் எங்களை வென்றுவிட்டது. கீ முறுக்கிக்கொண்டு உள்ளேயே ஒடிந்தது. இனிப் பினியனைப் பலியிடுவதைத் தவிர வழியில்லை. மோட்டாரின் வாயைத் துணியால் மூடி இரும்புத்தூள் உள்ளே போகாமல் காத்து, சிறு கிரைண்டரின் தட்டால் பினியனை அச்சில் படாதபடி அறுத்தெடுத்தேன். கை நடுங்கியது. அச்சுக்குச் சிறு கீறலோடு போயிற்று. புதிய பினியனுக்கும் பல்சக்கரத்துக்கும் சென்னைக்குச் சொல்லிவிட்டோம். வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. பணம் நான் கொடுத்தேன். அது நியாயம்.

வியாழன் இரவு மீண்டும் கோத்தோம். இம்முறை பேரன் சொல்ல நான் செய்தேன். அவன் சொன்ன முறையை, வீட்டில் இத்தகைய கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

முதற்கேள்வி, ஆணி எதற்குள் நுழைகிறது என்பது. உலோகத்துக்குள் உலோகம் நுழையும் இடத்தில்தான் இந்தப் பசைக்கு வேலை. பிளாஸ்டிக்குக்குள் நுழையும் ஆணிக்கு இது வேண்டாம். அங்கே அது சரியாக இறுகாது. அதோடு பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளில் பட்டால் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கி, நாளடைவில் அப்பகுதியையே முறித்துவிடும். சக்கர அச்சின் நட்டுக்கும் பசை தேவையில்லை. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு தானே பிடித்துக்கொள்ளும். பலமுறை கழற்றி அந்த வளையம் தளர்ந்தால் நட்டையே மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, ஆணியின் பருமன். 2, 2.5 மில்லிமீட்டர் ஆணிகளுக்கும், அலுமினியத்தில் இறங்கும் நுண்ணிய ஆணிகளுக்கும் ஊதா போதும். மோட்டாரைப் பிடிக்கும் 3 மில்லிமீட்டர் ஆணிகள், பினியனின் கிரப் ஸ்க்ரூ, அச்சு இணைப்புகள் ஆகியவற்றுக்கு நீலம், அதுவும் கடுகளவு. கிரப் ஸ்க்ரூவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மோட்டார் அச்சில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும், ஆணியின் முனை அந்தத் தட்டைமேல் நேராக அமர வேண்டும். அங்கே அமராத ஆணியை எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது. சிவப்பு, இந்தக் காரில் எங்கேயும் வேண்டாம்.

மூன்றாவது, தூய்மை. புதிய ஆணியிலும் எண்ணெய் இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஆணியையும் துளையையும் துடைத்துக் காயவிட வேண்டும். பழைய பசையின் பொருக்கு இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மரை கவ்வும் இடத்தில் மட்டும் துளி இருந்தால் போதும். வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். ஏனென்றால், வழிந்த பசை பக்கத்திலிருக்கும் பேரிங்குக்குள் இறங்கினால், காற்றில்லாத அந்த இடுக்கில் இறுகிப் பேரிங்கையே பூட்டிவிடும்.

நான்காவது, பொறுமை. சிறிது நேரத்தில் பிடிப்பு வந்துவிடும். ஆனால் முழு வலிமை வர ஒரு நாள் ஆகும். சாதாரண இரும்பிலும் பித்தளையிலும் விரைந்து இறுகும்; அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு, துத்தநாகம் பூசிய ஆணி ஆகியவற்றில் மெதுவாகவே இறுகும். இரவில் பூட்டி மறுநாள் மாலையில் ஓட்டுவது நல்லது.

கடைசியாக அவன் ஒன்று செய்தான். ஆணித் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை வெள்ளை வண்ணத்தால் ஒரு மெல்லிய கோடு இழுத்தான். "இந்தக் கோடு நேரா இருக்கிறவரைக்கும் ஆணி அசையலைன்னு அர்த்தம் நன்னா. கோணிப்போச்சுன்னா தளர ஆரம்பிச்சிடுச்சு" என்றான். நாற்பது ஆண்டுகள் டிரெய்லர் போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டு தளர்வை அறிந்தவன் நான். ஒரு பைசாச் செலவில்லாத இந்த உபாயம் எனக்குத் தோன்றியதே இல்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் என் மருமகன் வந்தார். ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின், பேரனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அறுத்த பினியனின் துண்டையும் எடுத்துக் காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்திருந்தார்.

"இது போனாப் போகுது மாமா" என்றார். பிறகு மகனின் பக்கம் திரும்பி, "நன்னாவைக் காப்பாத்த நினைச்சே, அது சரி. ஆனா என்கிட்டப் பொய் சொல்லலாம்னு நினைச்சே பாரு, அது எனக்கு வருத்தம். நான் இங்க இல்லாத நாள்ல எனக்கு வீட்டைப் பத்தித் தெரியறதெல்லாம் நீங்க சொல்லித்தானே?" என்றார். பேரன் கண்கலங்கினான். எனக்கும் ஏதோ தொண்டையில் அடைத்தது. தொலைவில் இருக்கும் ஒருவருக்குக் குடும்பத்தாரின் சொல் எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை அப்போது எண்ணிப் பார்த்தேன். நல்லெண்ணத்தால் சொல்லும் பொய்யும், நல்லெண்ணத்தால் நான் விட்ட சிவப்புத் துளியைப் போன்றதுதான்: அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும், திறக்க வேண்டிய நாளில் எதையாவது முறித்துவிட்டுத்தான் விடும்.

அந்த விடுப்பு முழுவதும் தந்தையும் மகனும் மாலைதோறும் பாலாற்று மணலுக்கும் ஏரிக்கும் காரைக் கொண்டுபோனார்கள். வெள்ளைக் கோடுகள் நேராகவே இருந்தன. அவர் திரும்பப் புறப்படுவதற்கு முந்தின இரவு, கூடத்தில் மீண்டும் பாய் விரித்து, மணலைத் துடைப்பதற்காக மோட்டாரைக் கழற்றினார்கள். பேரன் 2 மில்லிமீட்டர் கீயைச் செருகித் திருப்பினான். சற்றே எதிர்த்து, பிறகு 'டிக்' என்று இணங்கிக் கொடுத்தது. இத்தனை நாள் மேட்டிலும் பள்ளத்திலும் தளராமல் பிடித்திருந்த ஆணி, உரியவன் கேட்டதும் விட்டது. ஒரு பூட்டிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்க்கலாம்?

வன்மையாகப் பிடிப்பதே நல்ல பிடி என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். ஓட்டத்தைத் தாங்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பிடி. திறக்க வருகிறவனின் கைக்கும் அவன் கருவிக்கும் அடங்குகிற அளவு பிடி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சரியான மருந்து இருக்கிறது. பூட்டுகிறவன், நாளை திறக்கப்போகிறவனை நினைத்துப் பூட்ட வேண்டும். பெரும்பாலும் அவன் நம்மைவிட இளையவனாக இருப்பான்.

இப்போது என் பழைய கருவிப் பெட்டியில் மூன்று சீசாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பேரன் தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறான். ஊதாவின்மேல் 'சிறியது', நீலத்தின்மேல் 'காருக்கு'. சிவப்பின்மேல் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும்: 'நன்னாவின் கரும்பு வண்டிக்கு மட்டும்.'